கண் சொட்டு மருந்து: யாருக்கு, எதற்கு, எத்தனை நாள்?

மாத்திரை வாங்கினால் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்கிறோம். ஊசி என்றால் கொஞ்சம் பயப்படுகிறோம். கண்ணுக்கு வரும் சொட்டு மருந்தை மட்டும் மருந்தாகவே எண்ணுவதில்லை. "கண்ணு சிவந்திருக்கே, போன மாசம் எனக்குக் கொடுத்தது பாதி இருக்கு, போட்டுக்கோ" என்று வீட்டுக்குள்ளேயே கைமாற்றிவிடுகிறோம். ஐந்து மில்லி புட்டிதானே என்ற அலட்சியம். ஆனால் ஒருவர் பார்வையைக் காப்பாற்றிய அதே மருந்து, இன்னொருவர் கண்ணில் விழுந்தால் பார்வையைப் பறிக்கும். எந்தக் கண்ணுக்கு, எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்பது தெரிந்தால்தான் அந்தப் புட்டிக்குப் பொருள் உண்டு.

முதல் முறையாகக் கண் சொட்டு மருந்து எழுதி வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர்கள், கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், அம்மா அப்பாவுக்கு மருந்து போட்டுவிடும் பிள்ளைகள் எல்லோருக்கும் இது பொருந்தும். கடைசிப் பகுதியில், கண் சிகிச்சை பற்றி வரும் ஆய்வுச் செய்திகளை எப்படிப் படிப்பது என்றும் சொல்கிறேன்.

மருத்துவர் அறையை விட்டு வெளியே வருமுன்

எந்தக் கண், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்தத் தேதி வரை. இந்த மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள், சீட்டிலேயே தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். சீட்டில் 'ஆர்.இ.' என்றால் வலது கண், 'எல்.இ.' இடது, 'பி.இ.' இரண்டும். 'ஓ.டி.' என்று இருந்தால் கட்டாயம் கேளுங்கள். பழைய வழக்கப்படி அது வலது கண்ணைக் குறிக்கும்; நம் ஊர்ச் சீட்டுகளில் பெரும்பாலும் 'நாளைக்கு ஒரு தடவை' என்ற பொருளில் வரும். 'டி.டி.எஸ்.' மூன்று வேளை, 'க்யூ.ஐ.டி.' நான்கு வேளை, 'எச்.எஸ்.' தூங்கப்போகும்போது.

நீங்களும் சில விஷயங்களைச் சொல்லவேண்டும். ஆஸ்துமா, இளைப்பு, இதயத் துடிப்பு குறைவு இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் டிமோலால் என்ற சொட்டு மருந்து ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும், துடிப்பைக் குறைக்கும். 'கண்ணுக்குப் போடும் மருந்துக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்' என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ, சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தாலோ, கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவராக இருந்தாலோ அதையும் சொல்லுங்கள். பொதுவாக லென்ஸைக் கழற்றிவிட்டு மருந்து போட்டு, 15 நிமிடம் கழித்துத்தான் திரும்ப மாட்டவேண்டும்.

மருந்துக் கடையில்

கடையில் வேறு கம்பெனி மருந்து கொடுத்தால் அது தப்பில்லை; உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் சதவீதமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) மட்டும் உள்ள சொட்டு மருந்து ஒரு பெயரில் வரும். அதே பெயரோடு கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்தால் அதில் ஸ்டீராய்டும் (அழற்சியை, அதாவது சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து) கலந்திருக்கலாம். அட்டைப் பெட்டி நிறம்கூடக் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். பெரிய எழுத்தில் உள்ள பெயரைப் பார்த்து வாங்காமல், அடியில் பொடி எழுத்தில் உள்ள மருந்துக் கலவையைப் படிக்கவேண்டும். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

காலாவதித் தேதி, உடையாத சீல், 'ஆப்தால்மிக்' அல்லது 'ஐ டிராப்ஸ்' என்ற சொல் மூன்றும் இருக்கவேண்டும். காது சொட்டு மருந்தைக் கண்ணில் விடக்கூடாது. வீட்டில் காது மருந்து, சின்ன டியூப் பசை, கண் மருந்து எல்லாம் ஒரே டப்பாவில் கிடந்தால் இன்றைக்கே பிரித்து வையுங்கள். பசையைக் கண்ணில் விட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவருகிறவர்கள் உண்டு.

போடும் முறை

1. சோப்புப் போட்டுக் கை கழுவித் துடையுங்கள். புதுப் புட்டியாக இருந்தால் மூடியைக் கவனியுங்கள். நம் ஊரில் விற்கும் பல புட்டிகளில் மூடிக்குள்ளேயே ஒரு முள் இருக்கும். மூடியைக் கடைசிவரை இறுக்கித் திருகினால் அது நுனியைத் துளைத்துவிடும். ஊக்கு, தையல் ஊசி, பிளேடு எதுவும் வேண்டாம். அவற்றால் கிருமி உள்ளே போகும். ஓட்டை பெரிதாகிச் சொட்டு தாறுமாறாகவும் விழும்.

2. லேபிளில் 'சஸ்பென்ஷன்' என்று இருந்தால் நன்றாகக் குலுக்குங்கள். பிரெட்னிசலோன் அசிடேட் (ஸ்டீராய்டு), நேட்டமைசின் (பூஞ்சைப் புண்ணுக்கான மருந்து) போன்றவற்றில் மருந்துத் துகள் அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் விட்டால் முதல் வாரம் வெறும் தண்ணீரும் கடைசி வாரம் கெட்டி மருந்தும் போகும்.

3. படுத்துக்கொள்ளுங்கள், அல்லது தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். ஒரு விரலால் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்தால் சின்னப் பை போல ஓர் இடம் தெரியும். மேலே பார்த்துக்கொண்டு அந்தப் பையில் ஒரு சொட்டு விடுங்கள். புட்டி நுனி இமை முடியிலோ கண்ணிலோ படக்கூடாது. கை நடுங்கினால் புட்டி பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

4. கண்ணை மெதுவாக மூடுங்கள், இறுக்கிச் சிமிட்டவேண்டாம். மூக்கோரத்தில், கண்ணின் உள்மூலையை விரலால் லேசாக அழுத்தி இரண்டு மூன்று நிமிடம் அப்படியே இருங்கள். பலர் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். கண்ணீர் வடியும் குழாய் அங்கிருந்துதான் மூக்குக்குள் போகிறது. மருந்து போட்டதும் தொண்டையில் கசப்பு தெரிவது அதனால்தான். அழுத்திப் பிடித்தால் மருந்து கண்ணிலேயே தங்கும், உடம்பில் கலப்பதும் குறையும். டிமோலால் போடுகிறவர்கள் இதை ஒருநாளும் தவறவிடக்கூடாது.

5. வழிந்ததைச் சுத்தமான துணியால் துடையுங்கள். அடுத்த மருந்து இருந்தால் குறைந்தது ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். உடனே போட்டால் இரண்டாவது, முதலாவதை அடித்துக்கொண்டு போய்விடும். சொட்டு முதலில், ஜெல் அப்புறம், களிம்பு கடைசியில்.

ஒரு சொட்டு போதுமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். போதும். கண் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது ஏறத்தாழ 30 மைக்ரோலிட்டர். புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டே 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும், காசும் கூடவே போகும். முதல் சொட்டு கண்ணில் விழவில்லை என்று தோன்றினால் மட்டும் இன்னொன்று விடுங்கள்.

குழந்தை கண்ணைத் திறக்க மறுத்தால் சண்டை போடாதீர்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, மூடிய கண்ணின் உள்மூலையில் ஒரு சொட்டு விடுங்கள். கண்ணைத் திறந்ததும் அது தானாக உள்ளே போய்விடும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். சேர்த்து இரண்டாகப் போடவேண்டாம்.

வைக்கும் இடமும் தூக்கிப் போடும் நாளும்

புட்டியைத் திறந்த அன்றே தேதியை அதன்மேல் எழுதுங்கள். லேபிளில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் நான்கு வாரத்தில் தூக்கிப் போடவேண்டியதுதான், பாதி மிச்சம் இருந்தாலும்கூட. காலாவதித் தேதி என்பது சீல் உடைக்காத புட்டிக்கு உரியது.

கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் லேட்டனோபிராஸ்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பொதுவாக அதைத் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். திறந்த பிறகு 25 டிகிரி வரை ஆறு வாரம் தாங்கும். வெளிநாட்டுக் குறிப்புகளில் 'அறை வெப்பத்தில் வைக்கலாம்' என்று படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். சித்திரை மாதத்தில் வேலூரிலோ மதுரையிலோ எந்த அறை 25 டிகிரியில் இருக்கிறது? ஃபிரிட்ஜ் கதவுத் தட்டில் வைப்பதே நல்லது, ஃப்ரீசரில் அல்ல. கடையில் வாங்கும்போதும் அதை ஃபிரிட்ஜிலிருந்துதான் எடுத்துத் தருகிறார்களா என்று பாருங்கள்.

கிருமித் தடுப்புப் பொருள் சேர்க்காத மருந்து தனித்தனிச் சின்னக் குப்பிகளில் வரும். அதைத் திறந்து போட்டதும் மீதியை எறிந்துவிடுங்கள், மாலைக்கு எடுத்து வைக்காதீர்கள். அமெரிக்காவில் 2023இல் நடந்தது நினைவிருக்கலாம். தடுப்புப் பொருள் இல்லாமல், ஆனால் பல நாள் பயன்படுத்தும் புட்டியில் வந்த செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புடைய சூடோமோனாஸ் கிருமித் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேருக்குக் கண்ணையே எடுக்கவேண்டியதாயிற்று, 4 பேர் இறந்தார்கள். வெறும் 'கண்ணீர்' மருந்துதான் அது.

ஸ்டீராய்டு: மிகவும் கவனம் தேவைப்படும் இடம்

பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டெப்ரெட்னால், டைஃப்ளுப்ரெட்னேட். இந்தப் பெயர்களில் ஒன்று லேபிளில் இருந்தால் அது ஸ்டீராய்டு. கண்புரை அறுவைக்குப் பிறகும், கண்ணுக்குள் அழற்சி வந்தாலும் இவை மிக நல்ல மருந்துகள். மருத்துவர் சொன்ன கணக்கில் போட்டு, அவர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்கவேண்டும். சிவப்பு போய்விட்டது என்று நாமாக நிறுத்தினால் அழற்சி திரும்பி வரும்.

ஆபத்து எங்கே என்றால், எந்தக் காரணத்தால் வந்த சிவப்பானாலும் ஸ்டீராய்டு அதை ஓரிரு நாளில் குறைத்துக் காட்டும். உடனே 'கை கண்ட மருந்து' என்று பெயர் வாங்கிவிடும். மூன்றில் ஒருவருக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சில வாரம் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஓரளவாவது ஏறும். வலி இருக்காது, சிவப்பு இருக்காது. ஒவ்வொரு கோடையிலும் கண் அரிப்பு வரும் பிள்ளைகளுக்கு, பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை வருடக்கணக்கில் வாங்கிப் போடுகிற பெற்றோர் இருக்கிறார்கள். பிள்ளை பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பக்கவாட்டுப் பார்வையை இழந்த பிறகு தெரியவந்தால், போன பார்வை திரும்பாது. சட்டப்படி இவை சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகள். லேபிளில் உள்ள சிவப்புக் கோட்டுக்கு அதுதான் அர்த்தம்.

வயல்வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கதிரடிக்கும்போது நெல் உமியோ, சோளத் தட்டையோ கண்ணில் பட்டுக் கீறினால் கருவிழியில் பூஞ்சை பிடித்துப் புண்ணாகலாம். மதுரையில் 1994ஆம் ஆண்டு மூன்று மாதத்தில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்ததில், ஏறத்தாழ மூன்றில் இருவர் கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பூஞ்சை மட்டுமே காரணம். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டை விட்டால் பூஞ்சை கொழுத்து வளரும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு இவற்றிலும் கிருமி இருக்கும். கண்ணில் எதுவாவது பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

மெட்ராஸ் ஐ வந்தாலும் இதே விதிதான். அது பெரும்பாலும் வைரஸால் வருவது, தானாகவே ஆறிவிடும். தெருவில் ஒருவருக்குக் கொடுத்த மருந்தை எல்லோரும் வாங்கிப் போடவேண்டிய அவசியம் இல்லை.

எது பரவாயில்லை, எது அவசரம்

போட்டதும் ஒரு நிமிடம் எரிச்சல், களிம்புக்குப் பிறகு கொஞ்ச நேரம் மங்கல் என்றால் பயப்படவேண்டாம். லேட்டனோபிராஸ்ட் போட்டால் இமை முடி நீளமாக வளரும், இமைத் தோல் கறுக்கலாம். நேட்டமைசின் இமையோரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். இவை தெரிந்தே வருபவை.

வலி கூடிக்கொண்டே போவது, பார்வை குறைவது, வெளிச்சம் பார்க்கமுடியாமல் கூசுவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, சீழ் என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கண்புரை அறுவை முடிந்து சில நாளில் இப்படி வந்தால் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது. டிமோலால் போட்டு மூச்சு இளைத்தாலும், தலை சுற்றி மயக்கம் வந்தாலும் அப்படியே. மருந்தால் பாதிப்பு வந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே புகார் பதியலாம்.

சரி, ஆய்வுச் செய்திகளை எப்படிப் படிப்பது?

'கண்ணாடிக்கு விடை கொடுக்கும் சொட்டு மருந்து' என்று 2024 செப்டம்பரில் வாட்ஸ்அப் முழுக்கச் செய்தி ஓடியது. பைலோகார்ப்பின் என்ற பழைய மருந்துதான் அது. கண்மணியைச் சுருக்கி, வெள்ளெழுத்து உள்ளவர்களுக்குச் சில மணி நேரம் கிட்டப் பார்வையைத் தெளிவாக்கும். அனுமதி கிடைத்ததைவிடப் பெரிதாக விளம்பரம் செய்ததற்காக மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு செய்தி பரவிய சில நாளிலேயே அந்த அனுமதியை நிறுத்தி வைத்தது. மருந்துச் சீட்டில் கேட்ட அதே கேள்விகளைச் செய்தியிடமும் கேட்டிருந்தால் போதும்: யாருக்கு, எதற்கு, எவ்வளவு நேரம்? அதோடு இன்னும் ஒன்று: எதோடு ஒப்பிட்டார்கள்?

அந்தக் கேள்வியின் அருமை தெரிய, நம் பக்கத்திலேயே நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. பூஞ்சைப் புண்ணுக்கு 1960களிலிருந்து இருக்கும் நேட்டமைசின் நல்லதா, புதிய வோரிகோனசோல் நல்லதா? அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகமும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் சோதித்தன. யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். முடிவு 2013இல் வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில், பழைய மருந்து போட்டவர்கள் பார்வை அட்டையில் ஏறத்தாழ இரண்டு வரி கூடுதலாகப் படித்தார்கள். ஃபியூசேரியம் வகைப் பூஞ்சை இருந்தவர்களிடம் இந்த வித்தியாசம் நான்கு வரி. வோரிகோனசோல் போட்டவர்களில்தான் கருவிழி ஓட்டையாவதும் அவசரமாகக் கருவிழி மாற்றவேண்டி வருவதும் அதிகம். புதுசு, விலை கூடுதல் என்பதற்காக ஒரு மருந்து சிறந்ததாகிவிடாது. ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

யாருக்கு என்ற கேள்விக்கு இன்னோர் ஆய்வு. பாக்டீரியாவால் வந்த கருவிழிப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் சேர்த்தால் தழும்பு குறையுமா என்பது மருத்துவர்களுக்குள் பல காலமாக இருந்த வாதம். 500 நோயாளிகள் சேர்ந்த ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. முதல் 48 மணி நேரம் ஆன்டிபயாடிக் மட்டும். பிறகு பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு மருந்தில்லாச் சொட்டு. மொத்தத்தில் மூன்று மாதப் பார்வையில் வித்தியாசம் இல்லை. ஆரம்பத்திலேயே விரல்களை மட்டும் எண்ண முடிந்த, அல்லது அதைவிட மோசமான பார்வை இருந்தவர்களிடம் மட்டும் ஓரளவு நன்மை தெரிந்தது. இதை ஒரு செய்தித்தாள் 'கருவிழிப் புண்ணுக்கு ஸ்டீராய்டு பலன் தருகிறது' என்றும் போடலாம், இன்னொன்று 'பலன் இல்லை' என்றும் போடலாம். கிருமி எது என்று சோதனைக்கூடத்தில் உறுதி செய்து, ஆன்டிபயாடிக் தொடங்கிய பிறகு கொடுத்தார்கள் என்ற விவரம் இரண்டு தலைப்பிலும் விடுபட்டுப் போகும். அந்த விவரத்தை விட்டுவிட்டு யாராவது வீட்டில் செய்து பார்த்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியாயிற்று.

எண்களைப் பார்க்கும்போது நூற்றுக்கு எத்தனை பேர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கண் அழுத்த நோய்க்கு லேட்டனோபிராஸ்ட் போடுவதால் பார்வைப் பரப்பு (நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் இடம்) காப்பாற்றப்படுகிறதா என்று பிரிட்டனில் 516 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. இரண்டு ஆண்டில் பார்வைப் பரப்பு மோசமானவர்கள் மருந்தில்லாச் சொட்டு போட்டவர்களில் நூற்றுக்கு 26 பேர், மருந்து போட்டவர்களில் 15 பேர். விளம்பரம் இதையே '40 சதவீதம் குறைகிறது' என்று சொல்லும். அதுவும் பொய்யில்லை. ஆனால் நூற்றுக்குப் பதினொரு பேர் என்று பார்த்தால் இரண்டு விஷயம் தெளிவாகும். தினமும் போட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே என்று மருந்தை நிறுத்துகிறவர், அந்தப் பதினொரு பேரில் ஒருவராக இருக்கலாம். மருந்து போட்டும் 15 பேருக்கு மோசமாகிறது, ஆகவே பரிசோதனைக்குப் போகாமல் இருக்க முடியாது.

கண்ணுக்கான வைட்டமின் மாத்திரைகளுக்கும் இதே கேள்விகள்தான். அமெரிக்க அரசு நடத்திய பெரிய ஆய்வில், வயதானால் வரும் விழித்திரை மையச் சிதைவு நடுத்தர நிலையில், அல்லது ஒரு கண்ணில் மட்டும் முற்றிய நிலையில் இருந்தவர்களுக்குத்தான் குறிப்பிட்ட அளவுகள் உதவின. கண்புரையை அவை தடுக்கவில்லை. புகைபிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் என்பதால் பிறகு அதை எடுத்துவிட்டு லூட்டின் சேர்த்தார்கள்.

உங்களையே ஆய்வில் சேரச் சொன்னால்

பெரிய கண் மருத்துவமனைக்குப் போகிறவர்களிடம் இப்படிக் கேட்பதுண்டு. பயந்து ஓடவும் வேண்டாம், மருத்துவர் கேட்கிறாரே என்று உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகள் எல்லாம் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாகவேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு, வீட்டுக்கு எடுத்துப்போய், படித்த ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஆய்வில் சேராவிட்டால் எனக்குக் கிடைக்கும் சிகிச்சை என்ன? மருந்தில்லாச் சொட்டு எனக்கு வர வாய்ப்பு உண்டா? எத்தனை முறை வரவேண்டும், பஸ் செலவு யார் கொடுப்பார்கள்? பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு? நடுவில் விலகினால் என் வழக்கமான சிகிச்சை தொடருமா? கடைசிக் கேள்விக்குப் பதில் 'தொடரும்' என்பதாகவே இருக்கவேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகுவது உங்கள் உரிமை.

கையெழுத்துப் போட்டால் படிவத்தின் நகல் ஒன்றையும், நெறிமுறைக் குழுவின் (ஆய்வில் சேர்கிறவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் குழு) தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் புட்டிகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். அவர்கள் தெளிவாகச் சொல்லும்வரை அவற்றில் எதையும் நிறுத்தவேண்டாம்.